முப்பது வினாடி அழுத்தவும்

வால்பராய்சோவில் எங்கள் குன்றின் வீடுகளுக்குத்
தகரத்தில் சட்டை.
கடலுப்புக்குப் பயந்து தைத்தது.
வைஃபையும் அதில் முட்டிக்கொண்டு நிற்கும் என்று
தைத்தவர்களுக்குத் தெரியாது.

ஒன்பது நாளாக ரவுட்டருக்குச் சீக்கு.
பச்சை விளக்கு பச்சையாகத்தான் எரிகிறது,
படியில் பார்த்தவரிடமெல்லாம்
நல்லாயிருக்கேன் என்று சொல்லும் என்னைப் போல.
கைப்பேசியில் கோடுகள் முழுசு.
இணையம்தான் இல்லை.

கம்பெனியைக் கூப்பிட்டேன்.
நாற்பது நிமிடம் ஒரே பியானோத் துண்டு,
பிறகு ஒரு பையன்:
அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா, சென்யோரா?
பார்த்தேன் தம்பி.
பத்து எண்ணி, நூறு எண்ணி,
ஒருமுறை கோபத்தில் எண்ணாமலே.
ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தேன், ஜன்னலில் வைத்தேன்,
நேற்று தட்டு அலமாரியில் கவிழ்த்தும் வைத்தேன்.

ஃபர்ம்வேர் பழசு, என்றான்.
பெட்டிக்குள் இருக்கும் புத்திக்கு அப்படிப் பெயராம்.
ஆறு வருஷமாகப் புதிதாக ஒன்றும் கற்கவில்லையாம்.
நானும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வேண்டாம், அவனுக்கு வரிசையில் ஆள் காத்திருக்கும்.

ஒன்று ஒன்பது இரண்டு, புள்ளி,
ஒன்று ஆறு எட்டு, புள்ளி,
ஒன்று, புள்ளி, ஒன்று.
எந்தத் தபால்காரரும் மூச்சு வாங்க ஏறி வராத முகவரி.
தட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு வாசல்.
பாஸ்வேர்டு கேட்டது.

வைத்தது நிபால்டோ.
நிபால்டோ அந்தோஃபகாஸ்தா சுரங்கத்துக்குப் போய்
மூன்று வருஷம்.
என் பிறந்தநாளைப் போட்டேன். தவறு.
அவன் பிறந்தநாள். தவறு.
கல்யாண நாள், வேண்டாவெறுப்பாக. தவறு.
கேபிளைச் செருகி
அவனுடைய செத்துப்போன நாயின் பெயரைப் போட்டேன்.
திறந்தது.

கைப்பேசி டேட்டாவில் சொட்டுச் சொட்டாக இறக்கிய கோப்பை
ஏற்றினேன்.
புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக்கூடாது
என்றது சிவப்பெழுத்து.
என்னிடம் ஏன் சொல்கிறாய்?
வெளியே கூரையைப் பிய்க்கிற வடகாற்றிடம் சொல்.

அறுபத்திரண்டு சதவீதத்தில்
சமையலறை பல்பு இரண்டு தரம் கண்ணடித்தது.
எழுந்து நின்றேன்,
நான் நின்றால் மின்கம்பமும் நிற்கும் என்பதுபோல.
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, திரும்பவில்லை.
அறுபத்திரண்டு.
நூறு.

புத்தி வந்துவிட்டது. இணையம் வரவில்லை.

மிச்சம் ஒரே வழி.
பெட்டியின் முதுகில் கடுகளவு துளை.
ஊசி தேடினேன், அகப்பட்டது தோடு.
கொக்கியை நுழைத்து அழுத்திப் பிடித்தேன்.
முப்பது வினாடி
கட்டை விரலுக்கு ரொம்ப நீளம்.
எல்லா விளக்கும் செத்து, எல்லாம் ஒன்றாக எரிந்தன.
'நிபால்டோவின் கோட்டை' என்ற பெயர் போய்
பிறந்தமேனியாக,
நாலெழுத்தும் ஏழு இலக்கமுமாக நின்றது பெட்டி.

இணையம் வந்தது!
கூத்தாட நேரமில்லை. கதவு தட்டப்பட்டது.

கீழ்த்தளத்து தோன் எலூத்தேரியோ,
கையில் டேப்லெட், காலில் ஒற்றைச் செருப்பு.
உங்கள் நெட் செத்துவிட்டதா?
இல்லை, இப்போதுதான் பிழைத்தது.
அப்படியானால் செத்தது என்னுடையது, என்றார்.

விஷயம் மெல்ல மெல்ல வந்தது.
சுவர்தான் தகரம். நடுவில் இருக்கும் தரை பலகை.
ஒரு வாளி மட்டிக்கு
நிபால்டோ பாஸ்வேர்டை விற்றிருக்கிறான்.
குதிரைப் பந்தயம் திக்கித் திக்கி ஓடுகிறதென்று
இவர் ஞாயிற்றுச் சந்தையில்
சிக்னல் பெருக்கி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார்.
எப்போது?
விரல்விட்டு எண்ணினார். ஒன்பது நாள்.

அந்தப் பெருக்கியைக் கொண்டுவரச் சொல்லிப்
புரட்டிப் பார்த்தேன்.
அடிவயிற்றில் அச்சடித்திருந்தது:
ஒன்று ஒன்பது இரண்டு, ஒன்று ஆறு எட்டு...
அதே முகவரி.
ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு!
பாவம், இணையம் எந்தப் படியில் ஏறும்?

அன்றைக்குக் கல்யாண நாளைத் தவறு என்றது
என் பெட்டியா, அவர் பெட்டியா?
இனி யாரைக் கேட்பது.

தோன் எலூத்தேரியோ நிலைப்படியை விட்டு நகரவில்லை.
புதுப் பாஸ்வேர்டு... என்று இழுத்தார்,
பழைய விலைதானே, ஒரு வாளி?
காற்று தகரத்தைப் படபடவென்று அடித்தது.
விலைவாசி ஏறிவிட்டது, என்றேன்.
இரண்டு.